அப்சல்யூட் கிளி

இங்கிலீஷ் வாத்தியார் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்து ஒரு மாமரத்தில் தங்கியிருந்த கிளி அது. ஒரு மாங்காய் புளித்தால்கூட, “டோட்டல் வேஸ்ட், கம்ப்ளீட் வேஸ்ட், அப்சல்யூட் வேஸ்ட்!” என்று கத்தும். அதே மரத்துப் பொந்தில் குடியிருந்த தாய் அணிலுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல்.

ஒருநாள் பாம்பு ஒன்று மரமேறியது. அணில் தன் இரண்டு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்து மரத்துக்குத் தாவியது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் வெடவெடவென்று நடுங்கின.

வேறு வழியில்லாமல் அணில் கிளியைக் கேட்டது: “பாம்பு போய்விட்டதா?”

“டோட்டலாகப் போய்விட்டது! கம்ப்ளீட்டாக, அப்சல்யூட்டாகப் போய்விட்டது!”

“கண்ணால் பார்த்தாயா?”

“இத்தனை வார்த்தை சொல்கிறேன், பார்க்க வேறு வேண்டுமா?”

அணில் குட்டிகளை விட்டுவிட்டுத் தனியாகப் போய் எட்டிப் பார்த்தது. பொந்துக்குள் பாம்பு சுருண்டு படுத்திருந்தது.

சத்தமில்லாமல் திரும்பி வந்து கிளியிடம், “மழையில் ஏன் நனைகிறாய்? பொந்து காலிதானே, நீயே போய்ப் படுத்துக்கொள்” என்றது.

கிளி முதல்முறையாகப் பொந்துப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. சிறகை ஒடுக்கிக்கொண்டது.

“வேண்டாம்.”

“த்தூ!” என்று துப்பிவிட்டு அணில் குட்டிகளிடம் ஓடியது.