இதோ வந்துட்டேன்

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

உள்ளே அவன் ஒருத்தன்தான். காலடியில் ஒரு பெட்டி. கையில் வழியெல்லாம் நசுங்கிய ஒரு பூங்கொத்து.

இரண்டாயிரம் கிலோமீட்டரை விமானம் மூன்று மணி நேரத்தில் முடித்துக் கொடுத்திருந்தது. மிச்சம் ஒன்றரை மாடி.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அவன் பிழைப்பே லிஃப்ட் ரிப்பேர்தான்.

வேலை பார்க்கும் ஊரில் எத்தனையோ பேரை இப்படி உள்ளே காயப் போட்டிருக்கிறான். போன் வந்தால், "இதோ வந்துட்டேன் சார், கீழதான் நிக்கிறேன்" என்பான். சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கவே எழுந்திருப்பான்.

பெண்டாட்டியிடமும் அதே பாட்டுதான். மச்சினன் கல்யாணத்துக்கு இதோ வந்துட்டேன். மாமனாருக்கு ஆபரேஷனா, இதோ வந்துட்டேன். மூன்று மணி நேரத் தூரத்தைத் தாண்ட அவனுக்கு இரண்டு வருஷம் பத்தவில்லை.

போன வாரம் அவள் சண்டை போடவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் இந்த வீட்ல இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அடித்துப் பிடித்து டிக்கெட் போட்டான். சொல்லாமல் போய் நின்று அசத்திவிடலாம் என்று நினைப்பு. கிடைத்தது ஞாயிறு விடிகாலை விமானம்தான். சனிக்கிழமை நேற்றோடு போயாச்சு.

லிஃப்ட் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்கு அடித்தான்.

"இதோ வந்துட்டேன் சார், கீழதான் நிக்கிறேன்" என்றது ஒரு தூக்கக் குரல். பின்னாலேயே குழாயைத் திறக்கும் சத்தம்.

பல் விளக்கப் போகிறான், படுபாவி.

அப்போது மேலே ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பூட்டு விழுந்தது. படிக்கட்டில் தடக், தடக், தடக் என்று ஒரு சூட்கேஸ் இறங்க ஆரம்பித்தது.

பதறிப்போய் அவளுக்கு போன் போட்டான்.

"எங்க இருக்கீங்க?"

"நம்ம பில்டிங்லதான்டி! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். சத்தியமா!"

"அடேங்கப்பா. இது புதுசா இருக்கே. இன்னைக்கு எந்திரிச்சதும் யோசிச்சீங்களா?"

"உங்க அம்மா வீட்டுக்கு மட்டும் போயிடாதடி."

"அங்க எதுக்குப் போறேன்? உங்க ஊருக்குத்தான் கிளம்பிட்டேன். மூணு மணி நேரம்தானே. வந்து சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

பூங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கதவை அறைந்தான்.

சூட்கேஸ் நின்றது.

இன்னொரு தடவை அறைந்தான். அந்தச் சத்தம் அவளுக்கு போனிலும் கேட்டிருக்கும், பக்கத்திலும் கேட்டிருக்கும். கதவிடுக்கின் வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்தது. அவள் மூச்சு கூடக் கேட்டது. மூக்கை உறிஞ்சினாளா, சிரித்தாளா, தெரியவில்லை.

"யாரையாவது சீக்கிரம் கூட்டிட்டு வாடி" என்றான்.

"இதோ வந்துட்டேன்" என்றாள்.

சூட்கேஸ் சுவரோரமாக நகர்ந்தது. அதன்மேல் அவள் சாவகாசமாக உட்காரும் சத்தம் கேட்டது.