கேலரி நிறைந்த நாள்

"எங்கேருந்துடி பிடிச்ச இந்தக் கூட்டத்தை?"

கடைசி செட்டுக்கு முந்தைய இடைவேளையில் எரிச்சலோடு கேட்டாள் கல்லூரி வாலிபால் அணியின் கேப்டன். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் ஆடியே பழகிய அணி. போட்டிகளைப் போனில் நேரலையாகக் காட்டும் ஜூனியர் பெண், இந்த வருடம் கேலரியை நிரப்பிவிட்டாள்.

"எல்லாரும் நம்ம ரசிகர்கள்தான்க்கா. ஒரு மேட்ச் விடாம பார்க்கிறவங்க."

"அப்ப வாயைத் திறந்து கத்த வேண்டியதுதானே? எதிர் டீமுக்கு வந்த பத்துப் பேரு காதைக் கிழிக்கிறாங்க. நம்ம பொண்ணுங்க சோர்ந்துட்டாங்க."

"பாயிண்ட் எடுத்ததும் நீங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சுக்கிறீங்க. ஒரு தடவை மேலே பாருங்கக்கா."

அடுத்த பாயிண்டைக் கேப்டனே அடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

கேலரி முழுக்கக் கைகள். விரல்களை விரித்து, தலைக்கு மேலே படபடவென்று அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுதான் அவங்க கைதட்டல்," என்றாள் கோட்டுக்கு வெளியே நின்ற ஜூனியர். "அவங்களுக்குக் காது கேட்காதுக்கா. நேரலையில வர்ணனையை எழுத்துலயும் போட்டேன். அதைப் படிச்சுட்டு வந்தவங்க."

கேப்டன் சட்டென்று திரும்பினாள்.

"எல்லாரும் மேலே பாருங்கடி," என்றாள் அணியிடம்.

அதற்குப் பிறகு எதிரணியால் எழவே முடியவில்லை. ஜெயித்து வாங்கிய கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, அணி மொத்தமும் கேலரியைப் பார்த்துக் கைகளை உயர்த்தி அசைத்தது. கேலரி எழுந்து நின்றது.

"அடுத்த மேட்சுக்கும் வருவாங்களாடி?"

ஜூனியர் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னும் ரெண்டு பஸ் வேணுமாம்க்கா."