ஒன்றாம் ஜன்னல்

"கையெழுத்து கட்டத்துக்கு வெளிய போயிருக்கு. வேற எழுதிட்டு வாங்க."

ஒன்றாம் ஜன்னலுக்குள் போன விண்ணப்பம், போன வேகத்திலேயே திரும்பி வந்தது. அண்ணிக்குப் பகீரென்றது.

"சார், கடைசி எழுத்தோட வால் மட்டும்தான் சார் வெளிய இருக்கு."

"வாலும் கையெழுத்துதாம்மா. அடுத்தது!"

பல்கலைக்கழகத்தில் நூலக உதவியாளர் வேலை. பதினொரு இடம். இன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அண்ணிக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் இந்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. இன்று விட்டால் விட்டதுதான்.

டோக்கன் ஒற்றைப்படை என்றால் ஒன்றாம் ஜன்னல், இரட்டைப்படை என்றால் இரண்டாம் ஜன்னல். அண்ணிக்கு நாற்பத்தேழு. கூட வந்த நாத்தனாருக்கு நாற்பத்தெட்டு. எல்லாம் அவரவர் ராசி.

இரண்டாம் ஜன்னல்காரர், "வாங்கம்மா, ரொம்ப நேரமா நிக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனாரின் விண்ணப்பத்தை வாங்கினார். டமாரென்று முத்திரை குத்தினார். ரசீதை நீட்டினார். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுது அண்ணி! சிரிச்ச முகத்தைப் பாருங்க. மனுஷன்னா அவரு!"

வெளியே ஜெராக்ஸ் கடையில் அண்ணி புதுப் படிவம் கேட்டாள். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணாம் ஜன்னலா?"

"எப்படித் தெரியும்?"

"நொட்டை சார்கிட்ட போறவங்கதான் திரும்பி வருவாங்க. மூணா வாங்கிக்கங்க. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு எடுக்க எனக்கு இடுப்பு வலிக்குது."

அண்ணி ரோஷமாக ஒன்றே ஒன்று வாங்கினாள்.

"பதினாலாவது கேள்வி. முன் அனுபவம். கோடு போட்டிருக்கீங்க," என்றார் நொட்டை சார், மறுபடி வரிசையில் நின்று வந்தவளிடம்.

"அனுபவம் இல்ல சார்."

"இல்லைன்னா, இல்லைன்னு எழுதணும்."

நாத்தனார் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "நானும் கோடுதான் போட்டேன். அவரு வாங்கிக்கிட்டாரே!"

"அவரு வாங்குவாரு. அடுத்தது!"

மூன்றாவது தடவை போட்டோ. பின் அடித்திருக்கக் கூடாதாம், ஒட்டியிருக்க வேண்டுமாம். மணி நாலு இருபது. அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் கோந்து பாட்டிலை மூடி திறந்தே நீட்டிக்கொண்டிருந்தார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு நொட்டை சார் அந்த விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தார். ஒரு வழியாக முத்திரை விழுந்தது. சிரிப்பும் இல்லை, போய் வாங்க என்ற ஒரு வார்த்தையும் இல்லை.

அண்ணிக்கு வந்த ஆத்திரத்தில், நின்ற இடத்திலேயே ஒரு புகார் எழுதினாள். "விண்ணப்பதாரர்களை அலைக்கழிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒன்றாம் ஜன்னல் ஊழியர்" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் ஓடியது. எங்கே கொடுப்பது என்று தேடினால், புகார்கள் பெறுமிடம் என்ற பலகை அதே ஒன்றாம் ஜன்னலுக்கு மேல்தான் தொங்கியது.

கொடுத்தாள்.

நொட்டை சார் அதையும் விரல் வைத்துப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தேதி போடல."

"என்ன சார்?"

"தேதி இல்லாத புகாரை மேல எடுத்துக்க மாட்டாங்கம்மா. போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தாள். தன் மேல் வந்த புகாரை வாங்கி, தானே முத்திரை குத்தி, ரசீதும் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். தேர்வு எழுதத் தகுதியானவர்கள் ஒரு தாளுக்குள் முடிந்துவிட்டார்கள். அதில் அண்ணி இருந்தாள். நிராகரிக்கப்பட்டவர்கள் ஒன்பது தாள். அதில் நாத்தனார் இருந்தாள். பக்கத்தில் காரணம்: பதினான்காவது கேள்விக்குப் பதில் இல்லை, புகைப்படம் ஒட்டப்படவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே அண்ணி!" நாத்தனாருக்கு அழுகை முட்டியது. இரண்டாம் ஜன்னலில் அந்தச் சிரித்த முகம் வேறு யாரையோ வாங்கம்மா என்று அழைத்துக்கொண்டிருந்தது.

அண்ணி நேராக ஒன்றாம் ஜன்னலுக்குப் போனாள். வெட்கமாக இருந்தது.

"சார், அந்தப் புகாரை வாபஸ் வாங்கணும்."

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு. கையெழுத்து கட்டத்துக்குள்ள."

வாலை மடக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நகர மனம் வரவில்லை.

"சார், வாங்கி முத்திரை குத்துறது மட்டும்தான் உங்க வேலையாமே? சரிபார்க்கறதெல்லாம் மாடியிலதானாம். அப்புறம் எதுக்கு சார் எல்லார்கிட்டயும் திட்டு வாங்கறீங்க?"

நொட்டை சார் படிவத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி, இங்க விரிவுரையாளர் வேலைக்கு நானும் விண்ணப்பம் போட்டேம்மா. ஜன்னல்ல இருந்தவரு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு."