தேதியில் மட்டும் மண்

தேவாலா மழையில் கல்லறைத் தோட்டத்து மரச் சிலுவைகளைக் கரையான் ஒரே வருஷத்தில் அரித்துவிடும். அதனால்தான் ஆசிரியர் ஜஸ்டஸ், இறந்துபோன மனைவி லோயிஸுக்குப் பாலிமர் ஏற்றிய மரத்தில் சிலுவை செய்து நட்டார். இருபது வருஷ உத்தரவாதம் என்று கூடலூர் கடைக்காரர் எழுதியே கொடுத்திருந்தார்.

மூன்றாம் வாரமே கரையான் மண் ஏறிவிட்டது. பெயரிலும் பிறந்த தேதியிலும் ஒன்றுமில்லை. செதுக்கியிருந்த இறந்த தேதியை மட்டும் மண் வழவழவென்று அடைத்திருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்தார். மறுநாள் மறுபடியும் அடைத்திருந்தது.

சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடை மேஜைமேல் போட்டார். "இதுதான் உங்க உத்தரவாதமா?"

கடைக்காரர் மண்ணைத் தட்டிவிட்டு உளியால் குத்திப் பார்த்தார். "மரத்துல ஒரு பல்லுகூடப் படலைங்க சார். கரையான் தின்னாத்தானுங்க உத்தரவாதம் செல்லும்." பிறகு தயங்கிக் கேட்டார். "தேதி சரிதானுங்களா?"

"என் மடியிலதான்யா அவ உசுரு போச்சு!" ஜஸ்டஸ் சிலுவையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

சிலுவையோடு பஸ் ஏறி ஊர் திரும்பினார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த கனகமணியிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏனுங்க சார், உங்க ஊட்டு அக்கா வந்து சாவி வாங்கிட்டுப் போனாங்க."

"எந்த அக்கா? யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"லோயிஸ்னுதானுங்க பேரு சொன்னாங்க."

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆத்திரம் தணியாமல் ஜஸ்டஸ் தன் வீட்டுக் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

உள்ளே தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது.