முள்ளுக்கு அடியில் மிஞ்சிய புல்

கன்றுப் பருவத்தில் கேட்ட ஒரு சத்தத்தைக் குட்டைப் பசு மயிலை மறக்கவில்லை. வறட்சியில் புல் தேடி மலையேறிய பெரிய மாடுகளின் குளம்புகள் பாறையில் வழுக்கி வழுக்கிச் சறுக்கிய சத்தம் அது.

தொழுவத்துக்குப் புதிதாக வந்த நெட்டைப் பசு செவலை, "உங்க இனமே இப்படித்தானா, இல்ல நீ மட்டும் வளர மறந்துட்டியா?" என்று கேட்டாள்.

"காஞ்ச மலையில முள்புதருக்கு அடியிலதான் நாலு புல் மிஞ்சும். குள்ளமானவங்க உள்ளே புகுந்து தின்னாங்க. உயரமானவங்க வெளியே நின்னு பார்த்துட்டு, புல் தேடி இன்னும் மேல ஏறிப் பாறையில சறுக்கிப் போனாங்க. தின்னவங்க வழியில வந்தவங்கடி நாங்க."

"அட, இதுதான் சங்கதியா," என்று செவலை அசைபோடுவதை நிறுத்தினாள்.

அப்போது எசமானர் அய்யாத்துரை, சினை ஊசி போடுபவரோடு உள்ளே வந்து மயிலையைக் காட்டினார். "இது தின்கிறதும் கம்மி, நோயும் அண்டாது. உயரந்தான் குறைச்சல். நெட்டைக் காளையோடதாப் பார்த்துப் போடுங்க."

"பார்த்தியா, உன் பிள்ளை என்னை மாதிரி வரும்," என்று செவலை சிரித்தாள்.

"வரட்டும். ஆனா புதருக்கு அடியில எப்படிடி புகும்?" என்று கேட்டாள் மயிலை.

மயிலை ஈன்ற கன்று செவலையின் உயரத்துக்கு வளர்ந்தது. அய்யாத்துரை வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டினார். மேய்ச்சல் என்னவோ அதே மலையில்தான். அடுத்து மழை பொய்த்த வருஷம் கன்று பட்டினியில் செத்தது. மயிலை அதற்குப் பிறகும் ஆறு வருஷம் உயிரோடிருந்தாள்.