மேற்கு மூலை

காய்ச்சலில் படுத்திருக்கும் அம்மா அடுத்த வாரம் எழுந்து நடமாடிவிடுவாளாம். அதற்குள் மகனுக்கு என்ன அவசரம்? கையைப் பிடித்துக்கொண்டாலே ஏதோ கேட்கப் போகிறான் என்று அம்மாவுக்குத் தெரியும்.

மகன் கெட்டிக்காரன். பூந்தோட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் குடும்பம் மூழ்கியிருக்கும். பூவை மலர்வளையமாக்கினான். வேலியோர மரங்களை அறுத்துச் சவப்பெட்டி செய்தான். பிறகு சவ வண்டி வாங்கினான். எதையும் வீணாக்காத பிள்ளை.

"இப்ப மேற்கு மூலையில கல்லறைத் தோட்டம்மா. அனுமதி வந்தாச்சு."

"நிலம் உன் பேர்லதானே இருக்கு. என்னை எதுக்குடா கேக்கற?"

மகன் தலைகுனிந்தான். மருமகள் தலையணையைச் சரிசெய்தாள்.

"யாரும் இடம் வாங்க மாட்டேங்கறாங்க அத்தை. ஆளில்லாத இடத்துல தன்னந்தனியாப் புதைக்க பயப்படறாங்க. முதல்ல நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் இருந்தா நம்பிக்கை வரும்."

"யாரு, நீ போய்ப் படுத்துக்கறியா?" அம்மா சிரித்தாள்.

அவர்கள் சிரிக்கவில்லை.

"நல்ல நிழலான இடம்மா," என்றான் மகன். "நீ சரின்னு சொன்னா போதும்."

"வெறும் காய்ச்சல்னு டாக்டர் சொன்னதாச் சொன்னியேடா?"

அவன் மனைவியைப் பார்த்தான்.

அம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா. என்னை எரிச்சிடுங்க."