பக்கத்து நிரை

பூரணியின் தலைவலிக்கு மூளையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கண்டியில் அதை இலவசமாகச் செய்துகொள்ள, கலாநிதி குகநேசனின் ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் பரீட்சையில் தேற வேண்டும். அவர் மனிதக் கவனத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். மடிக்கணினியின் வயரை ஹட்டனிலேயே மறந்துவிட்டு, அதற்காக வேனைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

வயர் வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் பரீட்சை தொடங்கியது.

"எழுத்தை வாசிக்க வேண்டாம். எழுத்தின்ர நிறத்தை மட்டும் சொல்லுங்கோ."

'பச்சை' என்ற சொல் சிவப்பு நிறத்தில் வந்தது. பகல் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்த அசதியில் பூரணிக்கு நாக்கு எழவில்லை.

"சிவப்புங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

நாலைந்து சொல் போனதும் கலாநிதி நிமிர்ந்தார்.

"பின்னுக்கு நிக்கிற அம்மா, சொல்லிக் குடுக்காதேங்கோ."

பூரணி திரும்பிப் பார்க்கவில்லை. மலையில் தன் தேயிலைச் செடி நிரையில் அவள் பின்தங்கினால், பக்கத்து நிரை மாரியாயி தன் நிரையை முடித்துவிட்டு வந்து கைகொடுப்பாள். குளவி கொட்டி மாரியாயி செத்த பிறகுதான் இந்தத் தலைவலி.

"அக்கா அப்படித்தாங்க, சொன்னாலும் கேக்காது. என்னைய கழிச்சிராதீங்க ஐயா."

"கழிக்கேல்லை. அவவும் நல்ல வேகம். ரெண்டு பேரும் வாங்கோ."

திங்கட்கிழமை வேன் வந்தது. பூரணி ஏறி, ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். டிரைவர் கதவைப் பிடித்தபடி கொஞ்சம் காத்திருந்தார்.

"சீலைய உள்ள இழுத்துக்கங்க அக்கா" என்று பூரணிக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சாத்தினார்.

கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பூரணி கண்ணயர்ந்தாள். தலை ஜன்னலை விட்டு வெற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. கண்டி வரைக்கும் விழவில்லை.